சாம்பல் நிறக் கழுதையும் திரிசடையும்

சென்ற தவணையில் எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவருக்கு "என் மனம் கவர்ந்த கதாபாத்திரம்" என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். கர்ணன், கண்ணகி, ஹரி பொட்டர் என்று எதிர்பார்த்த பெயர்களே பெரும்பாலும் வந்தன. ஒரு மாணவி மட்டும் கழுதையொன்றைப் பற்றி எழுதியிருந்தாள். ஆங்கில எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் படைத்த 'வின்னி த பூ' கதைகளில் வரும் ஈயோர் என்னும் சாம்பல் நிறக் கழுதை அது. "ஈயோர் எப்பொழுதும் கவலையாக இருக்கும். ஆனால் நண்பர்கள் அதை விட்டுப் போகமாட்டார்கள். அதனால் எனக்கு அதைப் பிடிக்கும்" என்று அவள் முடித்திருந்தாள்.

பெற்றோர் தினத்தன்று சுவரில் ஒட்டியிருந்த அக்கட்டுரையை வாசித்த ஒருவர், "எங்கள் காவியங்களில் இத்தனை நாயகர்கள் இருக்க ஒரு கழுதையா கிடைத்தது?" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அன்று மாலை வீடு சென்று அக்கதைகளை எடுத்து மீண்டும் வாசித்தபோதுதான், சிரித்தது தவறு என்பது விளங்கியது. ஆண்டு விழா மலருக்கு எழுதுவோர் தமிழின் தொன்மையையோ பண்பாட்டின் சிறப்பையோ எழுதுவது வழக்கம். இம்முறை அந்தக் கழுதைக்காகச் சில வார்த்தைகள் எழுத விழைகின்றேன். வாசகர்கள் பொறுத்தருள்க.

'வின்னி த பூ' 1926ஆம் ஆண்டிலும், அதன் தொடர்ச்சியான 'பூ மூலையில் ஒரு வீடு' 1928ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பூ என்பது ஒரு கரடிப் பொம்மையின் பெயர். நம் பிள்ளைகள் அதை மலர் என்று நினைத்துச் சிரிப்பதுண்டு. மில்ன் தம் மகனின் விளையாட்டுப் பொம்மைகளைக் கொண்டு இக்கதைகளைப் புனைந்தார். இங்கிலாந்தின் தென்பகுதியில், கிழக்கு சசெக்சில் உள்ள ஆஷ்டவுன் காடு இக்கதைகளின் களத்துக்கு மாதிரியாக அமைந்தது. மில்ன் முதலாம் உலகப் போரில், 1916இல் சொம் களத்தில் பணியாற்றியவர். படங்களை வரைந்த ஈ. எச். ஷெப்பர்டும் அப்போரில் களம் கண்டவரே. போரின் இருளைக் கண்ட இருவர் சேர்ந்து குழந்தைகளுக்கு ஆக்கித் தந்த காட்டில், துன்பத்தைத் தூக்கிச் சுமக்கும் ஒரு கழுதைக்கும் இடம் இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

மில்ன் எந்த இடத்திலும் ஈயோருக்கு நோய் என்று எழுதவில்லை. எனினும் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் மருத்துவர் சிலர் நகைச்சுவையாக எழுதிய ஒரு கட்டுரை, அக்காட்டின் பாத்திரங்களுக்கெல்லாம் நோய்ப் பெயர் சூட்டியபோது, ஈயோருக்கு நாட்பட்ட மனச்சோர்வு என்று தீர்ப்பளித்தது. வேடிக்கைக்காக எழுதப்பட்டதுதான். ஆயினும், ஈயோரின் பேச்சைக் கேட்டு வளர்ந்த எவரும் அதை மறுக்கத் துணியார்.

ஈயோரின் பிறந்தநாள் கதையைப் பாருங்கள். ஓடையின் ஓரத்தில் நின்று, நீரில் தெரியும் தன் உருவத்தைத் தானே இகழ்ந்துகொண்டிருக்கிறது ஈயோர். அன்று அதன் பிறந்தநாள். ஒருவருக்கும் நினைவில்லை. அதைக் கேட்ட பூ, "கவலைப்படாதே" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றவில்லை. பரிசு தேடி நேரே வீட்டுக்கு ஓடுகிறது. ஒரு சாடி தேனை எடுத்துக்கொண்டு வரும் வழியில் பசி மேலிடத் தேனை உண்டுவிடுகிறது. எஞ்சியது வெறுஞ்சாடி. பிக்லெட் என்னும் பன்றிக்குட்டியோ ஒரு பெரிய பலூனை அணைத்துக்கொண்டு ஓடிவந்து தடுக்கி விழுந்து பலூனை வெடிக்க வைக்கிறது. ஈயோருக்குக் கிடைத்தவை ஒரு வெறுஞ்சாடியும் ஒரு கிழிந்த பலூனுமே. ஆனால் அந்தக் கிழிந்த துண்டு அந்தச் சாடிக்குள் அழகாகப் போய்வருகிறது. அதை உள்ளே இடுவதும் வெளியே எடுப்பதுமாக ஈயோர் அன்று மகிழ்ந்திருக்கிறது.

இக்கதையில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, உதவ வந்தவர்கள் இருவரும் பிழை விட்டார்கள். பிழை விட்டும் வந்தார்கள். நாம் பலர் "என்ன சொல்வதென்று தெரியவில்லை" என்ற காரணத்தைக் காட்டிப் போகாமலே இருந்துவிடுகிறோம். வெறுங்கையோடு போவது வெட்கம் என்று நினைக்கிறோம். பூ வெறுஞ்சாடியோடு போனது. இரண்டாவது, அவர்கள் ஈயோரை மாற்ற முயலவில்லை. "நீயும் எங்களைப்போல் சிரித்தால்தான் எங்களோடு சேர்ப்போம்" என்று அக்காட்டில் ஒருவரும் நிபந்தனை விதிக்கவில்லை. ஈயோர் புறுபுறுத்துக்கொண்டே வரும். அவர்களும் அதை அழைத்துக்கொண்டே இருப்பார்கள்.

மற்றொரு கதையில், பனி கொட்டும் நாளில், மற்றவர்களுக்கெல்லாம் வீடு இருக்க ஈயோருக்கு மட்டும் இல்லையே என்று பூ எண்ணுகிறது. பூவும் பிக்லெட்டும் அருகே குவிந்து கிடந்த தடிகளைச் சுமந்து சென்று ஒரு வீடு கட்டுகிறார்கள். அத்தடிகள்தாம் ஈயோர் தனக்கென்று ஏற்கெனவே கட்டிய வீடு என்பது பின்னரே தெரியவருகிறது! நல்லெண்ணம் மட்டும் போதாது, என்ன வேண்டும் என்று கேட்டறிந்து உதவ வேண்டும் என்பதை இதைவிடச் சுவையாகச் சொல்ல முடியாது. துள்ளிக் குதிக்கும் டிக்கர் என்னும் புலியின் கதையும் இத்தகையதே. டிக்கர் பின்னால் வந்து துள்ளியதால் தான் ஆற்றில் விழுந்ததாக ஈயோர் சொல்லும். தான் வெறுமனே இருமியதாக டிக்கர் சொல்லும். சோர்ந்திருப்பவரை உற்சாகப்படுத்துவதாக எண்ணி நாம் துள்ளும் துள்ளல்கள் பல, அவரை ஆற்றில்தான் தள்ளுகின்றன. "நாங்கள் இருமினோம்" என்று பிறகு சொல்லிக்கொள்கிறோம்.

"இவை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதைகள், எங்களிடம் இத்தகையவை இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. அசோகவனத்துச் சீதையை நாம் எல்லோரும் அறிவோம். அவள் பக்கத்தில் இருந்த திரிசடையை எத்தனை பேர் நினைக்கிறோம்?

கம்பன் திரிசடையை வீடணனின் மகளாகப் படைக்கிறான். காவலுக்கு வைக்கப்பட்ட அரக்கியர் அச்சுறுத்தும் இடத்தில், சீதைக்கு இன்சொல் சொல்ல இருந்தவள் அவள் ஒருத்தியே. சுந்தர காண்டத்தில், காவல் அரக்கியர் உறங்கிவிட்ட வேளையில், தன் இடக்கண் துடிப்பதைச் சீதை திரிசடையிடம் சொல்கிறாள். அது நன்னிமித்தம் என்று திரிசடை விளக்குகிறாள். பின்னர், 'நீ உறங்குவதில்லை. ஆதலால் உனக்குக் கனவும் இல்லை. நான் கண்ட கனவைக் கேள்' என்ற பொருளில் தன் கனவைக் கூறத் தொடங்குகிறாள்.

இந்த இடத்தை நான் பல முறை வாசித்திருக்கிறேன். அதன் ஆழம் அண்மையில்தான் புலப்பட்டது. துயரம் முற்றியவருக்கு முதலில் தொலைவது உறக்கம். உறக்கம் தொலைந்தால் கனவு இல்லை. நாளை என்ற ஒன்றை எண்ணிப் பார்க்கவும் இயலாது. அந்நிலையில் இருப்பவரிடம் "நம்பிக்கை வை" என்று கட்டளையிடுவது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வதை ஒக்கும். திரிசடை கட்டளையிடவில்லை. உனக்குக் கனவு வராவிட்டால் என் கனவை வைத்துக்கொள் என்று தன்னிடம் இருந்ததைக் கடனாகக் கொடுக்கிறாள்.

அக்கனவு முழுமையான கனவும் அன்று. அது முடியுமுன்னரே சீதை அவளை எழுப்பிவிட்டாள். மீதியையும் காணும்படி, மறுபடியும் உறங்குமாறு சீதை கைகூப்பி வேண்டுகிறாள். என்ன அழகான வேண்டுகோள்! துணை நிற்பவரிடம் முடிவு கையில் இருக்க வேண்டியதில்லை; பாதிக் கனவு இருந்தாலும் போதும். அத்துடன், துணை நிற்பவர் உறங்கவும் வேண்டும். இரவு பகலாக விழித்திருந்து தானும் சோர்ந்துவிட்டால், கனவு காண்பதற்கு அங்கே ஒருவரும் இருக்கமாட்டார். நோயாளரைப் பராமரிக்கும் தாய்மாரும் மனைவிமாரும் தாம் ஓய்வெடுப்பதைக் குற்றமாக எண்ணுகிறார்கள். அவர்களுக்குக் கம்பன் சொல்லும் பதில் இது.

பின்னர் போர்க்களத்தில் இராமனும் இலக்குவனும் வீழ்ந்து கிடக்கும் காட்சியைச் சீதைக்குக் காட்டியபோதும் திரிசடை உடன் இருக்கிறாள். "அழாதே" என்று வாயை அடைக்காமல், கண்ணால் கண்டதே முடிவாகாது என்பதைக் காரணங்களோடு எடுத்துச் சொல்கிறாள். சீதையைச் சிறைமீட்கும் வலிமை அவளுக்கு இல்லை. ஆயினும் மீட்பு வரும்வரை சீதை உயிர் தரித்திருந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு.

இப்பொழுது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் பூவாகவும் இருக்கவில்லை, திரிசடையாகவும் இருக்கவில்லை. டிக்கராக இருந்தேன்.

1996ஆம் ஆண்டு. என் தமையனார் லண்டனுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இரவில் எண்ணெய் நிலையம் ஒன்றில் வேலை. ஊரில் பத்துப் பேருக்கு நடுவில் நின்று பேசி எல்லோரையும் சிரிக்க வைத்தவர். மெல்ல மெல்லப் பேச்சுக் குறைந்தது. வேலைக்குப் போவதும் நின்றது. திரைச்சீலையை இழுத்துவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தார். சோற்றைப் பிசைவார், உண்ணமாட்டார். நான் ஒவ்வொரு மாலையும் அவர் அறை வாசலில் நின்று அறிவுரை சொன்னேன். "என்ன குறை உங்களுக்கு? ஊரில் ஷெல்லடிக்குள் சனம் சீவிக்குது. இங்கே கூரை இருக்கு, சாப்பாடு இருக்கு. எழும்பிக் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போய் வாருங்கள்." அவர் பதில் சொல்லவில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் தமக்குத் தாமே நூறு முறை சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நான் அறியவில்லை. அவர் ஏற்கெனவே சுமந்த பாரத்தின்மேல் நன்றிகெட்டவர் என்னும் பழியையும் நான் ஏற்றி வைத்தேன்.

வெளியாருக்கு வேறு கதை சொன்னேன். தொலைபேசியில் கேட்டவர்களிடம் "அண்ணாவுக்கு முதுகு வருத்தம்" என்றேன். முதுகு வருத்தம் என்றால் கௌரவம். மனவருத்தம் என்றால் பிள்ளைகளின் கலியாணத்துக்குக் கூடாது. இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை; எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். அந்தப் பொய்யினால் ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர் வைத்தியரிடம் போகவில்லை.

அவரோடு வேலை செய்த நண்பர் ஒருவருக்கு மட்டும் முதுகுக் கதையில் நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமைகளில் வருவார். ஒரு பொதியில் இடியப்பமும் சொதியும் கொண்டுவருவார். அண்ணாவின் அறையில் கதிரையைப் போட்டு அமர்ந்து பத்திரிகை வாசிப்பார். ஏதும் கேட்கமாட்டார். ஒரு மணி நேரம் கழித்து "அடுத்த சனி வாறன்" என்று எழுந்து போய்விடுவார். இதில் என்ன பயன் என்று நான் உள்ளூரச் சலித்துக்கொண்டேன். ஆறு, ஏழு வாரங்களின் பின் ஒரு சனிக்கிழமை, அண்ணா அவரிடம், "எனக்கு நித்திரை வருகுதில்லை. சாக வேணும்போல கிடக்கு" என்று சொன்னார். நண்பர் பதறவில்லை, புத்தி சொல்லவில்லை. "இதை எனக்குச் சொன்னது நல்லது. நாங்கள் இரண்டு பேரும் வைத்தியரிட்டைப் போவம்" என்றார். அன்று அவரைத் தனியே விடாமல் இரவும் எங்கள் வீட்டிலேயே தங்கினார். திங்கட்கிழமை காலை கூடவே போனார்.

மருந்தும் ஆற்றுப்படுத்தலுமாக அண்ணா தேறி எழ ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. பின்னர் ஒரு முறை மீண்டும் வந்தது. அப்பொழுது நாம் அதை அடையாளம் கண்டுகொண்டோம். இக்கட்டுரையை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "பெயரைப் போடாதே, மற்றதைப் போடு" என்றார். அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன். "அவன் வந்தால் நான் சுகமாக இருக்கிறமாதிரி நடிக்கத் தேவையில்லை. அதுதான்" என்றார். நான் சொன்ன அறிவுரைகளில் ஒன்றேனும் நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கதைகளைப் புகழ்ந்த நான் அவற்றின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஈயோர் எப்பொழுதும் முகம் வாடியே இருக்கும். உண்மை வாழ்வில் மனச்சோர்வு உள்ளவர் பலர் சபையில் சிரிப்பார்கள். வகுப்பில் நல்ல புள்ளிகளும் எடுப்பார்கள். ஆகையால் முகத்தைப் பார்த்து மட்டும் முடிவுசெய்ய இயலாது. சீதையின் துயருக்குக் கண்கூடான காரணம் இருந்தது. சிறை நீங்கினால் அத்துயர் நீங்கும். மனச்சோர்வோ காரணம் இருந்தும் வரும், இல்லாமலும் வரும். "என்ன குறை?" என்ற கேள்விக்கு அவரிடமே விடை இல்லாதிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்காட்டில் வைத்தியர் இல்லை. நட்பு எவ்வளவு பெரிதாயினும் அது மருந்துக்கு மாற்றாகாது. எங்கள் நண்பர் செய்தவற்றுள் மிகச் சிறந்தது இடியப்பம் கொண்டுவந்ததன்று. வைத்தியரிடம் கூடவே போனதுதான்.

இது சோம்பலோ கண்ணூறோ கிரகதோஷமோ அன்று, நோய். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட தகவலின்படி உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. துக்கமோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியும், ஏறத்தாழ எல்லா நாளும், இரண்டு வாரங்களுக்கு மேலாக நீடித்தால், அதனுடன் உறக்கம், பசி, கவனம் என்பனவும் மாறினால், வைத்தியரிடம் போக வேண்டும். மருந்து பலன் தரச் சில வாரங்கள் செல்லும். தாமாக இடையில் நிறுத்தலாகாது. இங்கிலாந்தில் வயதுவந்தோர் குடும்ப வைத்தியர் ஊடாக அன்றித் தாமே நேராகவும் தேசிய சுகாதார சேவையின் உரையாடல் சிகிச்சைக்குப் பதிந்துகொள்ளலாம். ஆங்கிலம் தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். நாம் போரைக் கண்டோம், கடல் கடந்தோம், இரண்டு வேலை செய்து வீடு வாங்கினோம். இவையெல்லாம் உண்மை, பெருமையும்கூட. ஆனால் பிள்ளை "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லும்போது அவற்றை எடுத்து அளவுகோலாக நீட்டாதீர்கள். நம் துன்பம் பெரிது என்பதனால் அவர்களின் துன்பம் பொய்யாகிவிடாது. "எப்பொழுது தொடக்கம் இப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பின்னர் காதைக் கொடுங்கள். உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது. கேட்காமல் விடுவதிலேதான் அபாயம் உண்டு.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் நண்பர் ஒருவர் ஈயோரைப்போல் ஆகிவிட்டால் அவரை அழைப்பதை நிறுத்தாதீர்கள். பத்து முறை வரமாட்டேன் என்றாலும் பதினோராவது முறையும் அழையுங்கள். ஆனால் அவரைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் உங்கள் தோளில் தூக்கிக்கொள்ளவும் வேண்டாம். அவர் உங்களிடம் "ஒருவருக்கும் சொல்லாதே" என்று ஆபத்தான ஒன்றைச் சொன்னால், அந்த வாக்கைக் காப்பதைவிட அவரைக் காப்பது பெரிது. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அது காட்டிக்கொடுத்தல் ஆகாது. உங்களுக்கே அப்படி இருந்து, வீட்டில் சொல்ல இயலாவிட்டால், இந்நாட்டில் 1986 முதல் சிறுவருக்காக இயங்கும் 'சைல்ட்லைன்' 0800 1111 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கும். எந்த வயதினரும் 'சமாரித்தன்ஸ்' அமைப்பை 116 123 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 999. எமது பாடசாலை ஆசிரியர்களும் இருக்கிறோம். தமிழ் படிப்பிக்க மட்டுமே இருக்கிறோம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இறுதியாக அம்மாணவிக்கு. உன் கட்டுரையில் ஒற்றுப் பிழைகள் சிலவற்றுக்குச் சிவப்பு மையால் கோடு இட்டிருந்தேன், புள்ளியும் குறைத்திருந்தேன். கழுதையைத் தெரிவுசெய்ததற்காகச் சிரித்ததற்கு உன்னிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். நண்பர்கள் விட்டுப் போகமாட்டார்கள் என்பதனால் உனக்கு அதைப் பிடிக்கும் என்று எழுதினாய். அதை வாசித்த பின் நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், அவசரம் இல்லாமல், அதைக் கேட்பேன்.